பூனையின் லிட்டர் பெட்டியில் வாய் வைக்கும் நாய்

கேள்வி: சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். எங்களிடம் மூன்று வயது ஆண் லாப்ரடார் ஒன்று இருக்கிறது. ஆறு மாதங்களுக்கு முன்பு இரண்டு பூனைகளையும் வளர்க்கத் தொடங்கினோம். அவற்றில் ஒன்று கடுவன். அன்றிலிருந்து பூனைகளின் லிட்டர் பெட்டியில் (அவை மலம், சிறுநீர் கழிக்கும் மணல் பெட்டி) உள்ள மலத்தை மணலோடு சேர்த்து நாய் தின்றுவிடுகிறது. திட்டிப் பார்த்தோம், பெட்டியைச் சுற்றி மிளகாய்த்தூள் தூவினோம், பலன் இல்லை. மருமகள் நான்கு மாதக் கர்ப்பிணி. நாய் அவளுடைய முகத்தை நக்குவது கவலையாக இருக்கிறது. வாய்ப்பூட்டு போட்டு வைக்கலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: பார்ப்பதற்கு அருவருப்பாக இருந்தாலும், நாய்களிடம் இது மிகவும் சாதாரணமாகக் காணப்படும் பழக்கம். பூனை ஊன் உண்ணி என்பதால் அதன் உணவில் நாயின் உணவைவிடப் புரதமும் கொழுப்பும் கூடுதலாக இருக்கும். அந்த உணவின் வாசனை மலத்திலும் எஞ்சியிருப்பதால், நாயின் மூக்குக்கு அது கழிவாகத் தெரிவதில்லை, தீனியாகத்தான் தெரிகிறது. போதாக்குறைக்கு உங்களுடையது லாப்ரடார். பசியைக் கட்டுப்படுத்தும் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு பகுதி, ஆராயப்பட்ட லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். இத்தகைய இனத்தை அதட்டித் திருத்த முயன்றால், நீங்கள் பார்க்கும்போது தின்னாமல், பார்க்காதபோது அவசர அவசரமாக விழுங்கக் கற்றுக்கொள்ளுமே தவிர, பழக்கத்தை விடாது.

மிளகாய்த்தூளை இன்றே நிறுத்திவிடுங்கள். அது பூனையின் பாதத்தில் ஒட்டி, பாதத்தை நக்கும்போது வாயையும் கண்ணையும் எரிய வைக்கும். எரிச்சல் கண்ட பூனை பெட்டியையே வெறுத்து, உங்கள் மெத்தையிலோ சோபாவுக்குப் பின்னாலோ சிறுநீர் கழிக்கத் தொடங்கும். உணவில் கலந்து கொடுத்தால் இப்பழக்கம் மறையும் என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. நாய் பெட்டியை எட்ட முடியாமல் செய்வதும், பூனைக்கு அதே பெட்டி எந்நேரமும் எளிதாகக் கிடைக்கச் செய்வதும்தான் தீர்வு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஏற்பாடு நிலைக்காது.

உங்கள் வீட்டு அமைப்புக்கு எளிய வழி, பெட்டிகளை ஓர் அறையிலோ பொதுக் குளியலறையிலோ வைத்து, கதவு ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் மட்டும் திறந்து நிற்கும்படி கொக்கித் தாழ்ப்பாளோ கதவுச் சங்கிலியோ பொருத்துவது. அந்த இடைவெளியில் பூனை நுழைந்துவிடும். வளர்ந்த லாப்ரடாரின் தலை நுழையாது. கொக்கியை மட்டும் மாட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள்: பால்கனிக் காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டால் பூனை உள்ளேயோ வெளியேயோ மாட்டிக்கொள்ளும். ஆகவே கதவின் அடியில் ஒரு ரப்பர் கட்டையும் வைத்து, முன்னும் பின்னும் நகராதபடி செய்துவிடுங்கள். பொமரேனியன், ஷிட்சூ போன்ற சிறிய நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடைவெளி உதவாது; அவர்கள் பெட்டியை உயரமான மேடையில் வைக்கலாம். ஆனால் மூட்டுவலியுள்ள வயதான பூனையையும் குட்டியையும் ஏறி இறங்கும்படி செய்யக் கூடாது.

மூடி போட்ட பெட்டி வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். லாப்ரடார் அந்த மூடிக்குள் தலையை விட்டுவிடும். அதைவிட மோசம், உள்ளே இருக்கும் பூனைக்கு ஒரே வாசல்தான், அந்த வாசலில் நாய் காத்து நிற்கும். பெட்டிகளைப் புதிய இடத்துக்கு மாற்றும்போது ஒரே நாளில் தூக்கி வைத்துவிடாமல், பழைய இடத்தில் ஒன்றை விட்டு வைத்து, புதிய இடத்தைப் பூனைகள் பயன்படுத்துவதைப் பார்த்த பிறகு எடுங்கள். இரண்டு பூனைகளுக்கு மூன்று பெட்டிகள் என்பது எங்கள் பொது விதி; உங்கள் வீட்டில் இடம் நெருக்கடி என்றால் இரண்டுக்குக் குறையாமல் வைத்து, காலையும் மாலையும் மலத்தை அள்ளிவிடுங்கள். பூனை மலம் கழித்த கையோடு அள்ளிவிட முடிந்தால், நாய்க்குத் தின்ன எதுவும் இருக்காது.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரம் பட்டதும் கட்டியாகும் லிட்டர் பெரும்பாலும் பென்டோனைட் என்ற களிமண்ணால் ஆனது. நீரை உறிஞ்சிப் பருக்கும் தன்மையே அதன் பயன். சிறிதளவு விழுங்கினால் சாம்பல் நிறக் கட்டிகளாக மலத்தில் வெளியேறிவிடும். நிறைய விழுங்கினால் குடலில் அடைப்பு ஏற்படலாம். நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தீனியைத் தொடாமல் இருந்தாலோ, வயிறு உப்பி மலம் போகாமல் தவித்தாலோ, காத்திராமல் எக்ஸ்ரே வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சோயாவில் தயாரிக்கப்படும் டோஃபு லிட்டருக்கு மாறினால் இந்த ஆபத்து குறையும் என்றாலும், அந்த வாசனையே சில நாய்களை இழுக்கும் என்பதால் கதவுக் கொக்கிக்கு அது மாற்றாகாது.

இனி உங்கள் மருமகளைப் பற்றி. கர்ப்பிணிகளின் விஷயத்தில் நாங்கள் அஞ்சுவது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்குத்தான். பூனை பெரும்பாலும் தன் முதல் தொற்றின்போது மட்டுமே, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை, இதன் முட்டை போன்ற உறைகளை மலத்தில் வெளியேற்றும்; வெளியேறிய உறை தொற்றக்கூடிய நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகும். தினமும் அள்ள வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம். நாயின் குடலில் இந்த உறைகள் உருவாவதில்லை. ஆனால் பூனையின் மலத்தைத் தின்ற நாய் அவற்றை வாயிலும் உடல் முடியிலும் சுமந்து வரலாம். ஆகவே முகத்தை நக்க விடாதிருப்பது சரிதான். பெட்டியைச் சுத்தம் செய்யும் வேலையை மருமகள் செய்ய வேண்டாம். வேறொருவர் கையுறை அணிந்து செய்யட்டும். பிளீச்சிங் பவுடர் இந்த உறைகளை அழிப்பதில்லை. காலிப் பெட்டியில் கொதிநீர் ஊற்றிக் கழுவுவதே நம்பகமானது. பீனாயில் வேண்டாம், அது பூனைக்கு நஞ்சு. மனிதர்களுக்கு இத்தொற்று சரியாக வேகாத இறைச்சியாலும், கழுவாத காய்கறியாலும், தோட்ட மண்ணாலும் வருவதுண்டு என்பதால், பூனைகளை வெளியேற்றிவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். மருமகளுக்கு ஏற்கெனவே எதிர்ப்புத்திறன் இருக்கிறதா என்பதை அறியும் இரத்தப் பரிசோதனையை அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

குடற்புழு நீக்க மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பூனைகளுக்கும் நாய்க்கும் ஒரே வாரத்தில் கொடுத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தொடருங்கள்; அளவு எடையைப் பொறுத்தது என்பதால் மருத்துவரிடம் எடை பார்த்த பிறகே வாங்குங்கள். நாயின் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது, அது பூனையின் மலத்தைத் தின்கிறது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். பூனையின் குடற்புழு முட்டைகள் நாயின் வயிற்றைக் கடந்து அப்படியே வெளியேறி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும்.

உங்கள் நாய்க்குப் பழக்கம் பூனைகள் வந்த நாளிலேயே தொடங்கியதால் நோயைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தின்றும் மெலிதல், எண்ணெய்ப் பசையுடன் நிறைய மலம் போதல், அளவுக்கு மீறிய தாகம் ஆகியவை தெரிந்தால் மட்டும் கணையம், சர்க்கரை ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் தேவைப்படும். கடுவன் பூனையைத்தான் கூடுதலாகக் கவனியுங்கள். நாய்க்குப் பயந்து சிறுநீரை அடக்கிப் பழகிய பூனைக்குச் சிறுநீர்ப்பைத் தொல்லை வரலாம். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது என்பதால் அடைத்துக்கொள்ளவும் செய்யும். பெட்டிக்குப் போய்ப் போய் முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம்.

வாய்ப்பூட்டை வீட்டுக்குள் போடாதீர்கள். சென்னை வெயிலில் நாய் உடற்சூட்டைத் தணிப்பது வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பூட்டு அதைத் தடுத்துவிடும். கூடை வடிவப் பூட்டில் மூச்சிரைக்க முடியும், ஆனால் லாப்ரடார் அதை மணலுக்குள் அழுத்தியே தின்னப் பார்க்கும். அதற்குப் பதிலாக, ‘விடு’ என்றதும் வாயை எடுத்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி கிடைக்கும் என்று பெட்டி இல்லாத இடத்தில் பழக்குங்கள். தெருவில் நடக்கும்போது அந்தச் சொல் உதவும். வீட்டில் கதவுக் கொக்கியைத்தான் நம்ப வேண்டும்.