இவிக்டுட் சுரங்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிரீன்லாந்து கட்டுரையில், 1940-ல் ஒரு சுரங்கத்துக்காக அமெரிக்காவும் கனடாவும் முட்டிக்கொண்டன என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். இரண்டும் ஒரே அணிதானே? யார் காவல் போட்டால் என்ன?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே அணி ஆனது 1941 டிசம்பருக்கு அப்புறம். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தபோது கனடா போரில் இருந்தது. அமெரிக்கா நடுநிலை நாடு. சிக்கலே அங்கேதான்.

அப்போது டென்மார்க்கின் காலனியாக இருந்த கிரீன்லாந்தில், தென்மேற்குக் கடலோரம் இவிக்டுட். அங்கே வெட்டியெடுத்தது கிரையோலைட். பார்க்கப் பனிக்கட்டி மாதிரி இருக்கும். பொடித்துத் தண்ணீரில் போட்டால், கரையாமலேயே கண்ணுக்கு மறைந்துவிடும்! அலுமினியம் எடுக்கும் மூலப்பொருளான அலுமினா உருக 2,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். உருக்கிய கிரையோலைட்டில் அது சுமார் 1,000 டிகிரியிலேயே கரைந்துவிடும். அலுமினியம் இல்லையென்றால் போர் விமானம் இல்லை. இயற்கையான கிரையோலைட் வணிக அளவில் கிடைத்த ஒரே இடம் இதுதான். பள்ளம் கடலை ஒட்டி இருந்ததால், யாராவது ஒரு வெடி வைத்தால் போதும், உள்ளே தண்ணீர் புகுந்துவிடும்.

கனடா படை அனுப்பத் தயாரானது. வாஷிங்டன் தடுத்தது. அதை வெறும் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. தாய்நாடு விழுந்ததைக் காட்டி ஒருவர் காலனிக்குள் போனால், அதே நியாயத்தைச் சொல்லி, நெதர்லாந்தின் காலனியான டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குள் (இன்றைய இந்தோனேசியா) ஜப்பான் நுழையும். ஆனால் அமெரிக்காவும் சீருடையோடு போய் இறங்க முடியாது. அதனால் தன் கடலோரக் காவல்படையினர் சிலரை முறைப்படி பணியிலிருந்து விடுவித்தது. சுரங்கம் அவர்களைத் தன் சொந்தக் காவலாளிகளாக வேலைக்கு வைத்துக்கொண்டது. காவல்படைக் கப்பலிலிருந்து ஒரு மூன்றங்குல பீரங்கியும் கரைக்கு வந்தது. சுரங்கத்தையும் காத்து, நடுநிலையையும் காத்த இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

அடுத்த ஆண்டு அதே ஏப்ரல் 9. வாஷிங்டனில் இருந்த டேனிஷ் தூதர் ஹென்ரிக் காஃப்மான், ஜெர்மன் பிடியில் இருந்த தன் அரசைக் கேட்காமலே, கிரீன்லாந்தின் பாதுகாப்பை அமெரிக்காவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் மன்னர் பெயரால் கையெழுத்திட்டார். கோபன்ஹேகன் அவரைப் பதவிநீக்கி, தேசத்துரோகக் குற்றம் சாட்டியது. ஆனால் தீவு டென்மார்க்குடையது என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே அமெரிக்காவை ஒப்புக்கொள்ள வைத்திருந்தார் மனிதர். அவ்வளவு நெருக்கடியிலும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்கு உறுத்துவது பத்தாவது பிரிவு. அமெரிக்கக் கண்டத்துக்கு இப்போதுள்ள ஆபத்து நீங்கியது என்று ஒப்புக்கொள்ளும்வரை ஒப்பந்தம் செல்லும் என்று எழுதினார்கள், தேதி போடவில்லை. போர் 1945-ல் முடிந்தது. 1951-ல் புது ஒப்பந்தம் வந்தது. அமெரிக்கப் படை தங்கிவிட்டது. சுரங்கத்தை 1987-ல் மூடிவிட்டார்கள்.

அன்புடன்.