கணக்கு டீச்சருக்கு ஏன் இந்த வேலை?

கேள்வி: அமெரிக்காவில் போலீசார் ஒரு கறுப்பினத்தவரைக் கொன்றுவிட்டால், மறுநாளே கறுப்பின ஆசிரியைகள் அதை வகுப்பில் பேசுகிறார்களாமே? கணக்கு டீச்சர் கணக்கை மட்டும் பார்க்கக் கூடாதா? (வாசகர் ஒருவர், மதுரை)

பதில்: அதை வகுப்புக்குள் கொண்டுவருவது டீச்சர் அல்ல ஐயா, பிள்ளைகள். 2020 மே 25-இல் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீசார் பிடியில் உயிர்விட்ட காட்சி அவர்கள் செல்போனிலேயே ஓடியது. அதற்குப் பிறகு பின்னக் கணக்கு எப்படி மண்டையில் ஏறும்?

கைதேர்ந்த டீச்சர் அந்த வீடியோவை வகுப்பில் போடமாட்டார். முதல் ஐந்து நிமிடம் பேச்சே கிடையாது, பிள்ளைகள் மனதில் உள்ளதை எழுதுவதுதான். எழுதிய தாளைத் திருப்பி வாங்கமாட்டார். அடுத்து கரும்பலகையில் நடுவே ஒரு கோடு: இந்தப் பக்கம் உறுதியாகத் தெரிந்தவை, அந்தப் பக்கம் கேள்விப்பட்டவை. பேச மனமில்லாத பிள்ளை 'பாஸ்' சொல்லிவிடலாம். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். மீதி நேரம் உங்கள் கணக்குக்குத்தான்.

கெட்டுப்போவது எங்கே தெரியுமா? வகுப்பிலுள்ள ஒரே கறுப்பினப் பிள்ளையைப் பார்த்து 'நீ சொல்லு' என்னும்போது. அதைவிட மோசம், கொன்றது சரியா தவறா என்று பட்டிமன்றம் வைப்பது. அந்தப் பிள்ளையின் உயிரும் விவாதத் தலைப்பாகிவிடும்.

டீச்சரை உண்மையில் அயர வைப்பது வேறு. அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களில் கறுப்பினத்தவர், ஆண் பெண் சேர்த்தே, நூற்றுக்கு ஆறேழு பேர்தான். பல பள்ளிகளில் ஒரே ஒருவர். அழுகிற பிள்ளைகள் பக்கத்து வகுப்பிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். சக ஆசிரியர் 'இப்படிப் பேசலாமா?' என்று கேட்டு நிற்பார். பெற்றோருக்கான கடிதத்தையும் அவர் தலையிலேயே கட்டுவார்கள். அவர் வீட்டிலும் கார் ஓட்டும் வயதில், போலீசார் நிறுத்தினால் என்னாகுமோ என்று பயப்பட வைக்கும் ஒரு மகன் இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றாது.

சட்டமும் தலைக்கு மேல் நிற்கிறது. டெக்சாஸில் 2021-இல் வந்த சட்டப்படி, சர்ச்சைக்குரிய நடப்பு விவகாரத்தைப் பேசச் சொல்லி ஆசிரியரைக் கட்டாயப்படுத்த முடியாது. பேசினால் அரசியல் சார்பு கூடாது. எது சார்பு? புகார் எழுதும் பெற்றோரைக் கேளுங்கள்! ஆகவே பாடக்குறிப்பு, பயன்படுத்திய செய்தியின் நகல், நேரம் மூன்றையும் அன்றே எழுதிவைப்பது நல்லது.

இது புதிய பயமும் அல்ல. தென் கரோலினாவில் அரசு ஊழியர்கள் கறுப்பினத்தவரின் உரிமைக்குப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தில் இருக்கக் கூடாதென்று 1956-இல் சட்டம் வந்தது. விலக மறுத்த செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியைக்கு வேலையும் போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. ஓய்வூதியம் திரும்பி வர 1976 ஆயிற்று.

நீங்கள் கேட்க வேண்டியது தலைமையாசிரியரை. பெற்றோர் கடிதத்தை அவரே எழுதட்டும். அன்று அந்த டீச்சருக்கு ஒரு பீரியடாவது மாற்று ஆள் போடட்டும்.