ரைஃபிளில் ரீகாயில் பேட் பொருத்த மரக்கட்டையை அறுக்க வேண்டுமா?

மான் வேட்டைக்கான .30-06 (தோட்டா வகை) ரைஃபிளுக்கு, கட்டையின் தோளில் படும் முனையில் பொருத்தும் மெத்தையான ரீகாயில் பேட் ஒன்றை ஒரு அங்குலத் தடிமனில் வாங்கியிருக்கிறீர்கள். கட்டையை அறுக்கத்தான் வேண்டுமா என்பது கேள்வி. பெரும்பாலும் ஆம். பேட், சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் உதையின் மொத்த அளவைக் குறைப்பதில்லை. அதைச் சற்றே நீண்ட நேரத்துக்குப் பரப்பித் தோளைக் காக்கிறது. ஆனால் விசையிலிருந்து (டிரிகர்) கட்டையின் முனைவரையுள்ள நீளம் கூடிவிட்டால் துப்பாக்கி தோளில் சரியாக அமராது. பல ரைஃபிள்களில் இந்த நீளம் சுமார் 13.5 அங்குலம்.

முதலில் குண்டு இல்லையென உறுதிசெய்து, குண்டறையை மூடும் பாகமான போல்ட்டைக் கழற்றுங்கள். குளிர்கால வேட்டை உடையோடு தோளில் வைத்து அளந்து பாருங்கள். அறுத்த மரம் திரும்ப வராது. கட்டை முனையிலுள்ள பழைய தகடு கால் அங்குலமென்றால், முக்கால் அங்குலம் அறுத்தால் பழைய நீளமே கிடைக்கும். அறுக்க வேண்டிய கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் சுற்றி, பொடிப்பல் ரம்பத்தால் அறுங்கள், சிலாம்பு பெயராது. வெட்டுமுகத்தில் வார்னிஷ் பூச மறக்காதீர்கள், ஈரம் ஏறுவது அங்கேதான்.