கணப்பின் வாய் வரை மரத்தரை: கருகினால் யார் பொறுப்பு?

கேள்வி: பழைய வீடு ஒன்றை வாங்கினோம். கூடத்தில் விறகு எரிக்கும் கணப்பு இருக்கிறது. அதன் முன்னால் இருந்த கல்தளம் பார்க்க நன்றாக இல்லை என்று, அதைப் பெயர்த்துவிட்டுக் கணப்பின் வாய் வரை மரத்தரை போடச் சொன்னேன். கான்ட்ராக்டரும் போட்டுக் கொடுத்தார். இப்போது இரண்டு பலகைகள் கருகியிருக்கின்றன. கேட்டால், “நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன்” என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் முதல் வேலையாக நெருப்பு மூட்டுவதை நிறுத்துங்கள். கருகலைப் பார்த்த பிறகும் எரித்தால், அப்புறம் வரும் சேதத்துக்கு நீங்களே காரணம் என்பார்கள். காப்பீட்டு நிறுவனமும் அதையே பிடித்துக்கொள்ளும்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் தழுவியுள்ள இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோட் என்ற வீட்டுக் கட்டுமான விதித்தொகுப்பின்படி, கணப்பின் திறப்பு 6 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் எரியாத தளம் முன்புறம் 16 அங்குலம், இரு பக்கமும் 8 அங்குலம் நீள வேண்டும். திறப்பு 6 சதுர அடியோ அதற்கு மேலோ என்றால் 20, 12. இங்கிலாந்தில் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி ஆவணம் ஜே, திறந்த கணப்புக்கு முன்னால் 500 மி.மீ., பக்கங்களில் 150 மி.மீ. கேட்கிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் உங்கள் வீட்டில் இருப்பது பூஜ்யம்.

கான்ட்ராக்டரின் வாதத்துக்கு வருவோம். அழகுக்காக நீங்கள் ஒன்றைக் கேட்டது உண்மை. ஆனால் விதி தெரிந்திருக்க வேண்டியவர் அவர். “இப்படிப் போடக்கூடாது” என்று எச்சரித்தாரா என்பதுதான் கேள்வி. பழைய வாட்ஸ்அப் உரையாடலை முழுக்கப் படியுங்கள். அவர் எச்சரித்து, நீங்கள் “பரவாயில்லை, போடுங்கள்” என்று பதில் போட்டிருந்தால் வழக்கில் பாதி போச்சு. எச்சரிக்கையே இல்லையென்றால் உங்கள் பக்கம் வலுவானது. ஒப்பந்தத்தில் ‘விதிகளுக்கு உட்பட்டு’ என்ற சொற்கள் இருந்தால் இன்னும் நல்லது.

பலகைகளை அவசரப்பட்டுப் பெயர்க்காதீர்கள். திறப்பின் விளிம்பில் டேப்பை வைத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். கருகிய பலகையின் அடிப்பக்கம்தான் முக்கியச் சாட்சி. மேலே கருகியிருந்தால் தெறித்த கங்கு காரணமாக இருக்கலாம். அடியில் கருகியிருந்தால் தளத்தின் வழியே சூடு இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். பின்னது மோசம். நாள்பட்ட சூட்டில் மரம் தன்மை மாறி, வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றக்கூடும். ஆகவே பலகையைக் கழற்றுவது புகைபோக்கி ஆய்வாளர் முன்னிலையில் நடக்கட்டும். கான்ட்ராக்டரையும் எழுத்தில் அழையுங்கள். வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

அதன்பின் நோட்டீஸ்: குறை, விதி, சரிசெய்யக் கெடு, செய்யாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்யும் செலவு. கல்தளத்தை மறுபடி போடும் செலவைத் தாராளமாகக் கேளுங்கள். மன உளைச்சலுக்குப் பெரிய தொகை கேட்டு நோட்டீஸை நீர்க்கச் செய்ய வேண்டாம்.

கருகலை முதலில் பார்த்த தேதியைக் குறித்து வையுங்கள். வழக்குப் போடுவதற்கான காலவரையறை சில இடங்களில் வேலை முடிந்த நாளிலிருந்தும், சில இடங்களில் குறை தெரியவந்த நாளிலிருந்தும் ஓடத் தொடங்கும்.