எதுக்கும் இருக்கட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். உங்கள் பயணக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவள் என்ற உரிமையில் ஒரு வீட்டு விஷயம் கேட்கிறேன்.

பொங்கல் விடுமுறையை ஒட்டி மாலத்தீவு போகிறோம். நான், கணவர், ஒன்பதாவது படிக்கும் மகன், ஐந்தாவது படிக்கும் மகள், மாமியார். ஒரு ரிசார்ட்டில் நாலு ராத்திரி. பல வருடம் சேர்த்த காசு. தலைநகர் மாலேயிலிருந்து, தண்ணீரில் இறங்கும் சீபிளேனில் போக வேண்டுமாம். ஆளுக்கு 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை, அதற்கு மேல் போனால் பணம் என்று மெயில் வந்திருக்கிறது. இப்போதே நாலு பெரிய பெட்டி ஆகிவிட்டது. மாமியார் பூஜை அறையிலிருந்து பித்தளை முருகனையும், அலமாரியிலிருந்து குட்டி ரைஸ் குக்கரையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். போன வருடம் குமரகம் போனபோது பாதித் துணியை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொண்டுவந்தேன். வந்ததும் ஒரு வாரம் துவைத்தேன். எதை எடுப்பது, எதை விடுவது? ஓய்வெடுக்கத்தான் போகிறோம், ஆனால் எனக்கு இப்போதே அலுப்பாக இருக்கிறது.

- ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டது. போகிறவர்கள் ஐந்து பேர். பெட்டி கட்டுகிறவர் நீங்கள் ஒருவர். துணிக் கணக்கும் கிலோ கணக்கும் அப்புறம் பார்க்கலாம், முதலில் இதைப் பேசிவிடுவோம்.

ஒருவரே எல்லாருக்கும் கட்டினால், எது எங்கே இருக்கிறது என்று அந்த ஒருவருக்குத்தான் தெரியும். பிறகு ஐந்து நாளும் "அம்மா, என் சார்ஜர் எங்கே?", "என் நீல டீ ஷர்ட்டை வச்சியா?", "தைல பாட்டில் எதுலம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கடலைப் பார்த்தபடி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் உங்கள் மனம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஊருக்குத் திரும்பினால் அழுக்குத் துணியும் உங்கள் தலையில்தான். நான் இருபது வருடம் இப்படித்தான் போய் வந்தேன். அதனால் உரிமையோடு சொல்கிறேன்: ஆளுக்கு ஒரு பை. அவரவர் பையை அவரவர் கட்டட்டும், அவரவர் தூக்கட்டும். மாமியார் பையை மட்டும் உங்கள் மகன் சேர்த்துத் தூக்கட்டும். மகள் சின்னப் பெண், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து "மூணு கவுன், நாலு ஜட்டி, ரெண்டு நீச்சல் டிரெஸ்" என்று சொல்லுங்கள், அவள் எடுத்து வைப்பாள். மகன் பல் தேய்க்கும் பிரஷ்ஷை மறந்தால் மறக்கட்டும். ரிசப்ஷனில் போய்க் கேட்டு வாங்கிக்கொள்வான். ஒன்பதாவது படிக்கிற பையனால் அது முடியும்.

எட்டு வருடம் முன்பு நானும் கணவரும் மகளும் மாலத்தீவு போனோம். மாலே விமான நிலையத்தில் சீபிளேன் கவுண்டரில் பெட்டியைத் தராசில் வைத்தார்கள். 11 கிலோ கூடுதல். கூடுதல் கிலோவுக்கு டாலரில் கேட்டார்கள். எதையாவது எடுத்துவிடலாமா என்று அங்கேயே தரையில் குத்தவைத்துப் பெட்டியைத் திறந்தேன். மேலாகவே கிடந்தது இஸ்திரிப் பெட்டி. அதன் கீழே இரண்டு போர்வை, ஒரு தலையணை உறை, அரை லிட்டர் நல்லெண்ணெய், கடித்தாலும் கடிக்கும் என்று கொசுவர்த்தி, எங்கேயாவது கூப்பிட்டால் கட்டிக்கொள்ள ஒரு பட்டுச் சேலை. அந்தத் தீவில் எங்களை யார் எங்கே கூப்பிடப் போகிறார்கள்? ஒவ்வொன்றையும் வைக்கும்போது நான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது: எதுக்கும் இருக்கட்டும். பணத்தைக் கட்டினோம். அந்தப் பட்டுச் சேலை நாப்தலீன் வாசனைகூடப் போகாமல் வீடு திரும்பியது.

இந்த "எதுக்கும் இருக்கட்டும்" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் அப்பா ஹோல்டாலில் மெத்தையையும் தலையணையையும் சுருட்டிக் கட்டி ரயிலேறியவர். அதற்கும் முந்தின தலைமுறை காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் அரிசி பருப்போடு போனது. வழியில் சத்திரம் இருக்கும், பாயும் சோறும் நிச்சயமில்லை. அவர்கள் கட்டிக்கொண்டு போனது முழுக்க நியாயம். நாம் அதே பழக்கத்தோடு ரிசார்ட்டுக்குக் கிளம்புகிறோம். போர்வை, துண்டு, சோப்பு, ஷாம்பு, குடை, தலை காயவைக்கும் டிரையர், டீ போடக் கெட்டில் எல்லாம் அங்கே இருக்கும். கொடுத்த காசில் அதெல்லாம் அடக்கம். இன்றைக்கே ரிசார்ட்டுக்கு ஒரு மெயில் போட்டு அறையில் என்னென்ன இருக்கும் என்று கேளுங்கள். வரும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் நாலு பெட்டியையும் திறந்தால் ஒன்றரைப் பெட்டி அங்கேயே காலியாகிவிடும்.

எடை விஷயத்தில் அவர்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே பெரும்பாலும் பறப்பது டுவின் ஓட்டர் என்கிற சின்ன விமானம். 15 பேர் அளவில்தான் ஏறலாம். சக்கரத்துக்குப் பதில் அடியில் இரண்டு மிதவை. தண்ணீரிலிருந்து எழும்ப வேண்டியிருப்பதால் ஆள் எடை, பெட்டி எடை எல்லாம் கணக்கு. இடம் இல்லையென்றால் உங்கள் பெட்டி அடுத்த விமானத்தில் பின்னால் வருவதும் உண்டு. இன்னொன்று, சீபிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். நீங்கள் மாலேயில் இறங்கத் தாமதமானால் அன்று ராத்திரி அங்கேயே தங்க வேண்டிவரும். அதனால் கைப்பையில் ஒரு மாற்றுத் துணி, நீச்சல் உடை, மருந்து மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். (ஏறினதும் விமானியின் காலைப் பாருங்கள். அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாக இருப்பார். அதைப் பார்த்ததும் என் மகள் தன் ஷூவைக் கழற்றிவிட்டாள். ஐந்து நாளும் அதைத் திரும்பப் போடவேயில்லை.)

உங்கள் குடும்பத்துக்கு 125 கிலோ கிடைக்கும் என்றாலும் அதை நிரப்பத் தேவையில்லை. ஆளுக்கு 7 கிலோ போதும். பெரிய கெட்டிப் பெட்டி காலியாகவே 4, 5 கிலோ இருக்கும், அதை வீட்டிலேயே விடுங்கள். துணிப்பை அல்லது முதுகுப்பை நல்லது. எடை பார்க்கத் தனித் தராசு வாங்க வேண்டாம். ஆள் எடை பார்க்கும் மெஷினில் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறி நின்று கழித்தால் தெரிந்துவிடும்.

துணிக்கு வருவோம். போட்டுக்கொண்டு போவது ஒன்று, அது போக மூன்று. நாலு ராத்திரிக்கு இதற்கு மேல் வேண்டாம். மாலத்தீவில் வருடம் முழுக்க 25 முதல் 31 டிகிரிதான், ஸ்வெட்டர் வேலையே இல்லை. விமானத்து ஏசிக்கு ஒரு துப்பட்டா போதும். ஜனவரி அங்கே மழை குறைந்த மாதம். ஜீன்ஸ் யாரும் எடுக்க வேண்டாம். கனமும் அதிகம், நனைந்தால் காயவும் காயாது. மாமியாருக்கு இரண்டு சுங்குடி, ஒரு பூனம் சேலை. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பளிச்சென்று ஒரு உடை ஆளுக்கு ஒன்று இருந்தால் போட்டோவுக்கும் ஆயிற்று. ஊர்மக்கள் வாழும் தீவுக்குச் சுற்றிப்பார்க்கக் கூட்டிப்போவதானால் தோளும் முழங்காலும் மூடிய உடை போட்டுக்கொள்ளுங்கள், ரிசார்ட் தீவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கடலில் இறங்கும் உடையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆளுக்கு இரண்டு எடுங்கள், ஒன்று காயும்போது ஒன்று. பருத்திச் சுடிதாரோடு இறங்கினால் துணி தண்ணீர் குடித்துக் காலைச் சுற்றிக்கொள்ளும். உப்புக் காற்றில் மறுநாள் மதியம் வரை ஈரமாகவே கிடக்கும். நைலான் கலந்த முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. உங்களுக்கும் கூச்சமில்லாமல் இருக்கும், வெயிலும் படாது. ஸ்நார்கெலிங் போகிறவர்கள் தண்ணீரில் குப்புறப் படுத்து மீனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், முதுகும் கெண்டைக்காலும் வெந்துபோவது ராத்திரிதான் தெரியும். உடல் மூடியிருந்தால் சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கைக்கும் மட்டும் போதும், ஒரு சின்ன டியூபில் முடிந்துவிடும். அதையும் ஜிங்க் ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சில சன்ஸ்கிரீன்களில் இருக்கும் ஆக்சிபென்சோன் போன்ற ரசாயனம் கடலிலுள்ள பவளப் பாறையைப் பாதிக்கும் என்று ஹவாயில் 2018-லேயே சட்டம் போட்டு, 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்தார்கள். மாலத்தீவுப் பவளப் பாறைகள் 1998-லும் 2016-லும் கடல் சூடேறி வெளுத்துப்போய், மெல்ல மெல்ல மீண்டு வருபவை. நாம் போய் இறங்குவது அவற்றின் மேல்தான்.

துவைப்பதைப் பற்றி ஒரு சின்ன உபாயம். குளித்து முடித்ததும் உடையை வாஷ் பேசினில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். லேசாகப் பிழிந்து, ரிசார்ட் தந்த காய்ந்த டவலை விரித்து, அதன் மேல் உடையைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவது மாதிரி இறுக்கச் சுருட்டுங்கள். அதன் மேல் ஏறி நின்று நாலு மிதி. பிரித்தால் டவல் கனத்திருக்கும், உடை லேசாகியிருக்கும். குளியலறையில் தொங்கவிட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். இந்த மிதிக்கிற வேலையை உங்கள் மகளிடம் விடுங்கள், சந்தோஷமாகச் செய்வாள்.

குறைக்கவே கூடாதது மருந்து. தீவில் தெருமுனை மெடிக்கல் ஷாப் கிடையாது. மாமியாரின் மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்குக்கு எடுப்பவை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பிளாஸ்டர். பவளத் துண்டு காலைக் கீறினால் எளிதில் ஆறாது, அதனால் ஆன்டிசெப்டிக் களிம்பும், தண்ணீரில் போடும் ரப்பர் ஷூவும் பிள்ளைகளுக்கு வேண்டும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு மாற்றுக் கண்ணாடி. உங்களுக்கு நாப்கின், தேதி இல்லாவிட்டாலும் ஒரு பாக்கெட். ரிசார்ட் கடையில் இதெல்லாம் இருந்தாலும் விலை கேட்டால் மனம் கசக்கும். அங்கே பெரும்பாலும் பிரிட்டிஷ் மாதிரி பட்டை மூன்று பின் சாக்கெட், நம் உருண்டைப் பின் போகாது. ஒரு அடாப்டர் குடும்பத்துக்கே போதும். பவர் பேங்க் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

இனி முருகன். தங்கையே, மாமியாரிடம் இதை நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். வழிபாட்டுச் சிலைகளை உள்ளே கொண்டுவர மாலத்தீவு சுங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தடை செய்த பொருள்களின் பட்டியலில் மதுவும் பன்றி இறைச்சியும் இருப்பது போல இதுவும் இருக்கிறது. அந்த நாட்டின் சட்டம் அது, போகிறவர்கள் மதிக்க வேண்டியதுதான். எடுத்துப்போய் சுங்கத்தில் பிடித்து வைத்தால் அந்த வயதில் அவருக்கு எவ்வளவு மனக்கஷ்டம்! பூஜை அறையிலேயே முருகன் இருக்கட்டும், பக்கத்து வீட்டில் யாரையாவது தினமும் விளக்கேற்றச் சொல்லலாம். கிளம்புகிற அன்று காலை திருச்செந்தூர் பன்னீர் இலை விபூதியை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு அவர் வரட்டும். கண்ணுக்கெட்டிய தூரம் கடலாக இருக்கிற இடத்தில் செந்தூரான் நினைவு வராமலா போகும்?

வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை. ஏர்போர்ட் டூட்டி ஃப்ரீயில் பாட்டில் எதுவும் வாங்க வேண்டாம். மாலே சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பும்போதுதான் தருவார்கள்.

ரைஸ் குக்கரையும் விட்டுவிடலாம். அறையில் சமைக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள், தேவையும் வராது. சோறும் பருப்பும் கறியும் தாராளமாகக் கிடைக்கும், சமையலறைகளில் இந்தியர்களும் இலங்கைக்காரர்களும் நிறையப் பேர். காலையில் மாஸ் ஹுனி என்று ஒன்று வைப்பார்கள். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்தது, கூடவே சப்பாத்தி மாதிரி ரோஷி. நம் தூத்துக்குடிப் பக்கம் மாசி என்று சொல்கிற கருவாடும் இதே சூரை மீனில் செய்வதுதான். மாமியார் மீன் சாப்பிடுகிறவர் என்றால் முதல் வாயிலேயே சொந்த ஊர் ருசி தெரிந்துவிடும். சைவம் என்றால் முன்கூட்டியே ரிசார்ட்டுக்கு எழுதிச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அவர் முறுக்கோ அதிரசமோ சுட்டு ஒரு டப்பாவில் போட்டால் தடுக்காதீர்கள். பூஜை அறைச் சாமியை விட்டுவிட்டு, குக்கரையும் விட்டுவிட்டு வருகிறவர், அந்த ஒரு கிலோ அவருக்காகப் போகட்டும். சாயங்காலம் மணலில் உட்கார்ந்து ஐந்து பேரும் அதைச் சாப்பிடுவீர்கள். டப்பா காலியானதும் பவளத் துண்டு பொறுக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று மகளிடம் மட்டும் சொல்லி வையுங்கள், அதை நாட்டைவிட்டு எடுத்துவர அனுமதி இல்லை. கடைசி நாள் காலையிலும் கடலில் இறங்காமல் இருக்கமாட்டார்கள். அந்த ஈரத் துணியைப் போட்டு மூடிக்கொண்டுவர டப்பா சரியாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா