கோத்தகிரி: விண்டோஸில் தெரியும் எடைத் திரை உபுண்டுவில் இருள்வது ஏன்?

எடைத் திரை உபுண்டுவில் (லினக்ஸ் வகை இயங்குதளம்) மட்டும் இருள்கிறது, கேபிளை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். உபுண்டுவுக்கான டிஸ்பிளேலிங்க் டிரைவரை (திரையை இயக்கும் மென்பொருள்) நிறுவுங்கள். பச்சைத் தேயிலை எடை காட்டும் உங்கள் 7 அங்குல யூஎஸ்பி திரை, அதே லேப்டாப்பில் விண்டோஸில் ஒழுங்காக ஓடியது என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் அது, யூஎஸ்பி வழியே படத்தைக் காட்டும் டிஸ்பிளேலிங்க் சில்லு கொண்ட வகை. விண்டோஸ் அதற்கான டிரைவரைத் தானே இறக்கிக்கொள்ளும். உபுண்டுவில் பெரும்பாலும் நாம்தான் போட வேண்டும்.

முதலில் சோதியுங்கள். திரையைச் செருகிவிட்டு டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையை அடியுங்கள்; செருகியுள்ள யூஎஸ்பி சாதனங்களை அது பட்டியலிடும். பட்டியலில் டிஸ்பிளேலிங்க் பெயர் வந்தால் என் ஊகம் சரி. புதிதாக எதுவுமே வரவில்லை என்றால் இணைப்பானைப் பாருங்கள். குன்னூர் மூடுபனியில் என்னுடைய செருகியில் பச்சைக் களிம்பே பூத்திருந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் உயிர் வந்தது.

ஓர் எச்சரிக்கை: செக்யூர் பூட் (தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) இயங்கினால், கையொப்பமிடாத டிரைவர் மாட்யூலைக் (டிரைவரின் உட்பகுதி) கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) ஏற்காது. அதனால் அந்த மாட்யூலை அனுமதிக்க, நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் அதையே கொடுங்கள். அவசரத்தில் அந்தத் திரையைத் தாண்டிப்போய் ஒரு மாலையையே தொலைத்தவன் நான். இலை எடுக்கும் நாளில் கெர்னலைப் புதுப்பிக்கவும் வேண்டாம். மாட்யூல் உடைந்தால் வரிசையில் மூட்டையோடு நிற்பவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.