துவைத்ததும் நீண்டுவிட்ட ஸ்வெட்டர்: காப்பாற்றுவதா, பிரித்துவிடுவதா?

கேள்வி: மூன்று மாதம் செலவிட்டு, எனக்காக நானே முதல் ஸ்வெட்டரைப் பின்னினேன். முடித்த அன்று கச்சிதமாக இருந்தது. முதல் சலவைக்குப் பிறகு இடுப்போடு நிற்க வேண்டியது தொடை வரை இறங்கிவிட்டது. கைகள் விரல்நுனியை மூடுகின்றன. விள்ளல் அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, ஊசியில் இருந்தபடியே ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் தொடங்கினேன். கம்பளி நூலின் உறையில் ‘இயந்திரத்தில் துவைக்கலாம்’ என்று இருக்கிறது. இதைச் சரிசெய்ய வழி உண்டா? கடையில் வாங்குவதே மேல் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: நீங்கள் அளந்தது துவைக்காத துண்டை, அணியப்போவதோ துவைத்த ஆடையை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆட்டு ரோமத்தின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். சாதாரணக் கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, துணி சுருங்கித் தடித்துவிடும். அதைத் தடுப்பதற்காகவே, இயந்திரத்தில் துவைக்கத்தக்க நூலில் செதில்களைக் குளோரின் கொண்டு மழுக்குவார்கள், அல்லது மெல்லிய பிசின் பூச்சால் மூடுவார்கள். பல நூல்களில் இரண்டும் நடக்கும். சுருங்கும் தொல்லை போகிறது, கூடவே இழைகளுக்கு இடையேயிருந்த பிடிப்பும் போய்விடுகிறது. ஆகவே நனைந்ததும் கண்ணிகள், அதாவது பின்னலின் ஒவ்வொரு நூல் வளையமும், தளர்கின்றன. உறிஞ்சிய நீரின் எடை அவற்றைக் கீழே இழுக்கிறது. கொடியில் தொங்கவிட்டு உலர்த்தியிருந்தால் இன்னும் நீண்டிருக்கும்.

துண்டு சிறியதாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி என்று பின்னல் குறிப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 செ.மீ. மட்டும் அளக்கிறவர் பத்தரைக் கண்ணியைப் பதினொன்று என்று எண்ணிவிடுவது மிக எளிது. அந்த அரைக் கண்ணிதான், 220 கண்ணிகள் கொண்ட உடற்பகுதியில் 100 செ.மீ. வர வேண்டிய சுற்றளவை ஏறத்தாழ 105 செ.மீ. ஆக்கிவிடுகிறது. துண்டு குறைந்தது 15 செ.மீ. சதுரமாக இருக்கட்டும். ஓரக் கண்ணிகள் எப்போதும் உருக்குலைந்திருக்கும் என்பதால் அவற்றை விட்டு நடுவில் 10 செ.மீ. அளக்க வேண்டும். அதுவும் ஊசியிலிருந்து இறக்கி, ஆடையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு. கண்ணிகளை எண்ணுகிறவர்கள் வரிசைகளை எண்ண மறந்துவிடுகிறார்கள். நீளத்தைத் தீர்மானிப்பவை வரிசைகளே.

இனி கையில் இருக்கும் ஸ்வெட்டர். உறையில் உலர்த்தும் இயந்திரத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், நனைத்துப் பிழிந்த ஸ்வெட்டரை மிகக் குறைந்த சூட்டில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தபடி சுழலவிடுங்கள். இவ்வகை நூல் பெரும்பாலும் ஓரளவு பழைய அளவுக்குத் திரும்பும். சற்றே ஈரம் இருக்கும்போதே எடுத்து, சமதளத்தில் விரித்து, கையால் அளவுக்கு ஒதுக்கி உலரவிட வேண்டும். வெந்நீரில் ஊறவைத்துச் சுருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: இந்த நூல் அதற்கு மசியாது, சாதாரணக் கம்பளியோ அளவில்லாமல் சுருங்கி மீளாது.

அதன் பிறகும் நீளம் மட்டுமே மிகுதி, அகலம் சரி என்றால், முழுவதையும் பிரிக்கத் தேவையில்லை. வேண்டிய நீளத்திலிருந்து கீழ் ஓரப் பட்டைக்கான இடத்தைக் கழித்து, அங்கே வரும் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஓரத்தையொட்டிய ஒரே ஒரு கண்ணியைக் கத்தரித்து, அந்த நூல்முனையைக் கண்ணி கண்ணியாக வெளியே இழுத்துக்கொண்டே போனால், கீழ்ப்பகுதி தனியே கழன்றுவிடும். மேலே வாய் திறந்து நிற்கும் கண்ணிகளை உடனுக்குடன் மெல்லிய ஊசியில் ஏற்றிக்கொண்டு, அங்கிருந்து கீழ்நோக்கி மீள்தன்மையுள்ள பட்டையைப் பின்னி முடிக்கலாம். கத்தரிக்கோலை எடுக்கும்போது கை நடுங்கும். எனக்கு இன்றும் நடுங்குகிறது. ஆனால் நெய்த துணியைப் போலன்றி, பின்னல் என்பது ஒரே நூல் வளைந்து வளைந்து தனக்குள் புகுந்து செல்வது. ஒரு வரிசை கழன்றால் பக்கத்து வரிசை உடனே சிதறிவிடுவதில்லை.

அகலமும் மிகுதி என்றால் பிரிப்பதே நேர்மையான வழி. பக்கத் தையல்களை முதலில் அவிழ்த்து, ஒவ்வொரு துண்டையும் முடித்த முனையிலிருந்து பிரியுங்கள். தொடங்கிய முனையிலிருந்து எளிதில் பிரிந்து வராது. கண்ணிகள் டுக்டுக்கென்று விடுபடும் அந்த ஓசை முதல் பத்து வரிசை வரை வலிக்கும், பிறகு ஏனோ ஒருவித நிம்மதியாகவே இருக்கும். சுருள் சுருளாக வரும் நூலை நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் தொங்கவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். சுருளோடு பின்னினால் மறுபடியும் அளவு பொய்க்கும்.

வீட்டார் சொல்வதற்கு வருகிறேன். நேரத்தைக் கணக்கிட்டால் அவர்கள் சொல்வது சரி: உங்கள் உடற்பகுதி 220 கண்ணியும் 180 வரிசையும் என்றால், அதில் மட்டும் 39,600 கண்ணிகள் உங்கள் விரல்கள் வழியே போயிருக்கின்றன. ஆனால் கடைச் சட்டையின் கை உங்கள் கைக்கு நீளமாக இருந்தால் மடித்துவிட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழி அரிது. நீங்களே பின்னுவதில் கையை மணிக்கட்டு எலும்பு தெரியும் இடத்தில் நிறுத்தலாம், தோள் சரிவுக்கேற்பக் குறைக்கலாம், முழங்கை தேய்ந்தால் மீதி நூலால் அதே கண்ணியைத் தடம் பிடித்து நிரப்பலாம். தவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கைத்தொழில் இதைப்போல வேறெதுவும் எனக்குத் தெரியாது; தச்சருக்கு அறுத்த பலகை மீண்டும் ஒட்டாது.

மறுபடி பின்னும்போது ஸ்வெட்டரின் ஒரு கையிலிருந்து தொடங்குங்கள். அது முடிந்ததும் துவைத்து, உலர்த்தி, அளந்துவிட்டு, அதன் பிறகே உடற்பகுதிக்குக் கண்ணி போடுங்கள். கையைவிடப் பெரிய மாதிரித் துண்டு கிடைக்காது, அதில் பிழை இருந்தாலும் பிரிக்க வேண்டியது ஒரு வாரத்து வேலை மட்டுமே.